காணாமல் போன அரை மணி நேரம்

1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.45 மணிக்குச் சிங்கப்பூரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. யாரும் இறக்கவும் இல்லை. அப்படி ஒரு நேரமே அன்று இந்தத் தீவுக்கு வரவில்லை. இரவு 11.30 ஆனதும் கடிகாரம் நேராக 12.00க்குத் தாவியது. 1982 பிறந்துவிட்டது.

இதற்குக் காரணம் சூரியனோ பூமியோ அல்ல, அரசாங்க முடிவு. அப்போது தீபகற்ப மலேசியா கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சாபா, சரவாக் மாநிலங்கள் எட்டு மணி நேரம் முன்னால் இருந்தன. ஒரே நாட்டுக்கு எதற்கு இரண்டு நேரம் என்று, 1981இல் பிரதமரான மகாதீரின் அரசாங்கம் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ள முடிவெடுத்தது. ஜோகூர் கடற்பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டு வியாபாரமும் போக்குவரத்தும் நடத்துவது சிரமம். சிங்கப்பூரும் கூடவே மாறியது. இன்றும் நமக்குப் பொழுது விடிய ஏழு மணியாவது அதனால்தான். ஊருக்குத் தொலைபேசியில் பேசுபவர்கள் இரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்ததும், அந்த ஆண்டிலிருந்து இரண்டரை மணி நேரமாகக் கழிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

வானொலியில் நேரம் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. ‘இப்போது நேரம் காலை 7.30’ என்று சொல்ல ஒரு நொடி போதும். எந்த 7.30 என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கணினிக்கு அந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. இரண்டு நேரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், அந்த இரண்டும் எந்தக் கணக்கில் சொன்னவை என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அன்றிரவு 10 மணிக்கு வேலைக்கு வந்து காலை 6 மணிக்குப் போன ஒரு காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால் எட்டு மணி நேரம். அவர் விழித்திருந்தது ஏழரை மணி நேரம்தான்.

சிங்கப்பூரின் கடிகாரம் இப்படி மாறியது அந்த ஒரு முறை மட்டுமல்ல. 1905 ஜூன் 1 வரை இங்கே நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னால். அன்று முதல் சரியாக 7 மணி. 1933இல் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்துவதற்காக 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் சேர்ந்து ஏழரையானது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தார்கள். ஊரின் பெயர் சியோனான் ஆனது, கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குப் போனது. ஒன்றரை மணி நேரம் ஒரேயடியாக முன்னே. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. அதன் பிறகு 1982. நம் தாத்தா பாட்டிகளில் சிலர் இடம் மாறாமலேயே ஐந்து நேரங்களில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பழங்கதை இன்றைய மென்பொருளில் எங்கே வந்து இடிக்கிறது? பெரும்பாலான கணினிகள் நேரத்தை ஒரே எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1, கிரீன்விச்சில் நள்ளிரவு 12 மணி. அதிலிருந்து எத்தனை விநாடி என்பதுதான் அந்த எண். பூஜ்யம் என்ற அந்த நொடியைச் சிங்கப்பூர் நேரத்தில் காட்டு என்று கேட்டால், காலை 8 மணி என்று வராது. 7.30 என்று வரும். 1970இல் நாம் ஏழரையில் இருந்தோம் என்பது அதற்குத் தெரியும். விவரம் தெரியாத இளம் புரோகிராமர் அதைப் பிழை என்று எண்ணித் தலையைச் சொறிவார். பிழை அதில் இல்லை.

உண்மையான பிழை வேறு இடத்தில் பதுங்கியிருக்கும். கடை காலை 9 மணிக்குத் திறக்கும் என்று பதிய வேண்டும். தேதி தேவையில்லை, நேரம் மட்டும் போதும். சில மென்பொருள்கள் இடத்தை நிரப்புவதற்காக 1970 ஜனவரி 1 என்ற தேதியைத் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலை 9 மணி, ஏழரையைக் கழித்தால், கிரீன்விச்சில் அதிகாலை 1.30. பிறகு அதைத் திரையில் காட்டும்போது இன்றைய எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் 9.30 என்று வரும். ஒன்றரை மணி நேரமோ ஒரு நாளோ பிசகினால் யாராவது உடனே சத்தம் போடுவார்கள். எல்லா நேரமும் சீராக அரை மணி நேரம் தள்ளி நின்றால், நாம்தான் தவறாகப் பதிந்துவிட்டோம் என்று வாடிக்கையாளரே நினைத்துக்கொள்வார். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உரிய சொத்து இது.

கடை திறக்கும் நேரம் அரை மணி பிசகினால் பெரிய நட்டமில்லை. பிறந்த நேரம் பிசகினால்?

சிராங்கூன் சாலையில் பூக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இடையே ஜோதிடம் பார்க்கும் இடங்கள் உண்டு. பஞ்சாங்கத்தை விரித்துக் கையால் கணித்த காலம் போய்விட்டது. இப்போது மேசையில் மடிக்கணினி. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பத்துப் பக்க ஜாதகம் அச்சாகி வந்துவிடும். ஜோதிடத்தை நம்புகிறீர்களா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் அது ஒரு நேரக் கணக்கு என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. லக்னம் என்பது பிறந்த நொடியில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருந்த ராசி. ஒரு ராசி உதித்து முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அரை மணி நேரம் பிசகினால் நான்கு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும்.

என் பெரியம்மா மகளுக்கு மாறியது. அக்கா பிறந்தது 1981 மே மாதத்தில், மாலை 6.55 மணிக்கு. வரன் பார்த்த காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு மென்பொருளில் ஜாதகம் கணித்தார்கள். அந்த மென்பொருள் சிங்கப்பூர் என்றால் எப்போதும் எட்டு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் துலாம் லக்னம். செவ்வாய் மேஷத்தில். துலாத்துக்கு மேஷம் ஏழாம் வீடு. செவ்வாய் தோஷம் என்றார்கள். ஆட்சி வீட்டில் இருக்கும் செவ்வாய்க்குத் தோஷமில்லை என்று சொல்லும் ஜோதிடர்களும் உண்டு, ஆனால் மாப்பிள்ளையின் தாயார் அந்தக் கட்சி இல்லை. ‘பிறகு சொல்கிறோம்’ என்றவர்கள் பிறகு சொல்லவே இல்லை.

ஓராண்டு கழித்து வேறொரு வரனுக்காகப் பெரியம்மா ஒரு பெரியவரிடம் போனார். அவர் கணினியைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வி: “பிள்ளை பிறந்தது 82க்கு முன்னாலயாம்மா, பின்னாலயா?” முன்னால் என்றதும், ஊர் என்ற இடத்தில் சிங்கப்பூர் என்று போட்டுவிட்டு, நேர வித்தியாசம் என்ற கட்டத்தில் எட்டை அழித்து ஏழரை என்று கையாலேயே தட்டினார். விருச்சிக லக்னம் வந்தது. மேஷம் அதற்கு ஆறாம் வீடு. தோஷம் போய்விட்டது. நட்சத்திரம் இரண்டு கணக்கிலும் பூரம்தான். சந்திரன் மெதுவாக நகர்வதால் அரை மணி நேரத்தில் அது மாறிவிடவில்லை. ஆனால் பூரத்துக்கு முதலில் வருவது 20 ஆண்டு சுக்கிர தசை. ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சந்திரனுக்குச் சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் என்பதால், அரை மணி நேரப் பிசகு தசை இருப்பில் ஏறத்தாழ ஐந்து மாதப் பிசகாகிவிடும். பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரிதாகப் படவில்லை. ‘ஒரு வருஷம் போச்சே’ என்பதுதான் அவர் சொன்னது.

அந்தப் பெரியவரின் தலைக்குள் இருந்த விவரம் கணினிக்கு எங்கிருந்து கிடைக்க வேண்டும்? அதற்கென்றே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. உலகின் ஒவ்வொரு பகுதியிலும் கடிகாரம் எப்போது, எவ்வளவு மாறியது என்ற பட்டியல் அது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி வைத்தார். பின்னர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பால் எகர்ட் அதைப் பராமரிக்கும் பொறுப்புக்கு வந்தார். சம்பளத்துக்காக அல்ல, ஆர்வத்தால் உலகெங்கிலுமிருந்து பலர் விவரம் அனுப்புகிறார்கள். உங்கள் கைப்பேசி, வங்கி, விமான நிறுவனம் எல்லாம் நேரம் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்தப் பட்டியலிலிருந்துதான். அதில் நமக்கு ‘ஏஷியா/சிங்கப்பூர்’ என்று ஒரு பெயரும், அதன் கீழே 1905 முதல் 1982 வரை மேலே சொன்ன மாற்றங்களும் சில வரிகளில் இருக்கின்றன.

இதில் ஜோதிடம் இன்னொரு பக்கமாகவும் நுழைகிறது. பழைய காலத்து மாற்றங்கள் பலவற்றை அந்தத் தரவுத்தளத்தினர் எடுத்தது தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த நிலப்படத் தொகுப்புகளிலிருந்து. அவை மேற்கத்திய ஜோதிடர்களுக்காகத் தயாரிக்கப்பட்டவை. எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் என்ன காட்டியது என்று வேறு யாருக்கு அவ்வளவு அக்கறை இருந்திருக்கும்? 2011 செப்டம்பர் இறுதியில், அந்தத் தொகுப்பின் உரிமை தங்களுடையது என்று சொல்லி ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அடுத்த சில நாள்களில் தரவுத்தளம் இருந்த கணினிச் சேவை மூடப்பட்டது. அதே அக்டோபரில் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடிகாரம் இத்தனை மணிக்கு மாறியது என்பது ஒரு வரலாற்று உண்மை, உண்மைக்குக் காப்புரிமை கிடையாது என்ற வாதத்துக்கு முன்னால் நிறுவனம் 2012 பிப்ரவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றது.

அந்தப் பட்டியலும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நம் வரியிலேயே ஒரு பிழை நெடுங்காலம் இருந்தது. 1982 ஜனவரி 1 நள்ளிரவு 12 மணி ஆனதும் கடிகாரம் 12.30க்குத் தாவியதாக அதில் எழுதியிருந்தார்கள். அதன்படி பார்த்தால், டிசம்பர் 31 இரவு 11.45 என்ற நேரம் இருந்தது. ஜனவரி 1 அதிகாலை 12.10 என்ற நேரம் இல்லை. நடந்ததோ நேர் எதிர். புத்தாண்டின் முதல் அரை மணி நேரத்தில் இங்கே பிறந்த ஒருவர் தம் பிறப்புச் சான்றிதழில் உள்ள 12.10ஐத் தட்டினால், அப்படி ஒரு நேரம் இல்லை என்று கண்டிப்பான மென்பொருள் மறுக்கும். இளகிய மென்பொருள் தானாகவே 12.40 ஆக்கிவிடும், சொல்லாமல். பின்னர் அந்த வரி திருத்தப்பட்டது. மாற்றம் நடந்தது டிசம்பர் 31, கிரீன்விச் நேரம் பிற்பகல் 4 மணி, அதாவது நம் இரவு 11.30 என்று இப்போது சரியாக இருக்கிறது. அரை மணி நேரத்தின் எந்தப் பக்கம் காணாமல் போனது என்று தேடிப் பார்த்துத் திருத்த யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இலங்கைத் தமிழர்களின் கணக்கு இன்னும் சிக்கல். 1996 மே மாதத்தில் இலங்கை அரை மணி நேரம் அல்ல, ஒரு மணி நேரம் முன்னே போனது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பியது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. ஆக, அந்தப் பத்தாண்டுகளில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பிறந்த ஊர் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஊர் அந்த மாதம் யார் கையில் இருந்தது என்றும் தெரிய வேண்டும். அதைக் கேட்கும் கட்டம் எந்த மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை.

கடிகாரம் ஒரு தொல்லை என்றால் மாதம் இன்னொரு தொல்லை. ஜாதகத்தில் தசை இருப்பை வருடம், மாதம், நாள் என்று மூன்று கட்டங்களில் எழுதுவார்கள். கூட்டும்போது நாள் 30ஐத் தாண்டினால் மாதத்துக்கு ஒன்று, மாதம் 12ஐத் தாண்டினால் வருடத்துக்கு ஒன்று. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று பேசி வைத்துக்கொண்டதால் கணக்கு இடிக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளும் கால இடைவெளியை மூன்று கட்டங்களில்தான் வைத்துக்கொள்கிறது: மாதம், நாள், மணி. ஒன்றை இன்னொன்றாக அது தானாக மாற்றாது. மாற்றவும் முடியாது, ஏனென்றால் நிஜ மாதத்துக்கு 28 நாளும் உண்டு, 31 நாளும் உண்டு. நாளுக்கும் மணிக்கும்கூட அதே கதைதான். 1981 டிசம்பர் 31 மாலை 6 மணியோடு ‘ஒரு நாள்’ கூட்டினால் மறுநாள் மாலை 6. ‘24 மணி நேரம்’ கூட்டினால் மாலை 6.30.

ஜனவரி 31ஓடு ஒரு மாதம் கூட்டினால் என்ன தேதி? இந்த 2026ஐ வைத்துப் பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் பிப்ரவரி 28 என்கிறது. கைப்பேசிகளில் அதிகம் இருக்கும் எஸ்கியூலைட், பிப்ரவரி 31 என்று எண்ணிக்கொண்டே போய் மார்ச் 3 என்கிறது. ஆரக்கிளில் மாத இடைவெளியாகக் கூட்டினால், அப்படி ஒரு தேதி இல்லை என்று பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். மூன்றும் பெரிய மென்பொருள்கள், மூன்று பதில்கள். அதோடு, போஸ்ட்கிரெஸில் இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கூட்டினால் மார்ச் 31, ஒவ்வொரு மாதமாக இரண்டு முறை கூட்டினால் மார்ச் 28. மாதத் தவணை கட்டுபவர்களுக்கு இது மூன்று நாள் வித்தியாசம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் சேவை உலகெங்கும் பல மணி நேரம் தடுமாறியது. ஒரு மின்சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும் என்பதற்காக, நிரல் ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்ற தேதி வந்தது. அது நாள்காட்டியில் இல்லை.

கணினி இல்லாமலும் இதே வழக்குதான். இங்கிலாந்தில் ஒரு வர்த்தகக் கட்டடத்தின் வாடகைதாரருக்கு 1978 செப்டம்பர் 30 அன்று உரிமையாளரின் நோட்டீஸ் கிடைத்தது. நான்கு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பரின் கடைசி நாளில் தொடங்கியதால் ஜனவரியின் கடைசி நாள் வரை இருக்கிறது என்று நினைத்து ஜனவரி 31இல் விண்ணப்பித்தார். மேல்முறையீடு பிரபுக்கள் சபை வரை போனது. 30ஆம் தேதி தொடங்கிய மாதக் கணக்கு 30ஆம் தேதியே முடியும், ஒரு நாள் தாமதம் என்று 1981இல் தீர்ப்பானது. விண்ணப்பம் போயிற்று. சட்ட மாணவர்கள் இன்றும் ‘டாட்ஸ் எதிர் வாக்கர்’ என்று படிக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்திலும் மாதம் என்றால் நாள்காட்டி மாதம்தான், 30 நாள் அல்ல. இங்கே வருபவரின் கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்றால், அந்த ஆறு மாதம் 181 நாளிலிருந்து 184 நாள் வரை எதுவாகவும் இருக்கலாம். 180 நாள் என்று எழுதிவைத்த மென்பொருள் ‘சரி’ என்று சொல்லும் பயணியை விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.

திருத்துவது எப்படி என்றால், புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. நேர வித்தியாசத்தை ‘எட்டு’ என்று எண்ணாக எழுதி வைக்காமல் ‘ஏஷியா/சிங்கப்பூர்’ என்று பெயராக வைத்தால், எந்த ஆண்டுக்கு எந்த எண் என்று பட்டியல் பார்த்துக்கொள்ளும். அந்தப் பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய பதிப்பை வைத்திருக்கும் மென்பொருளுக்கு அந்த 12.10 குழந்தை இன்னும் பிறக்கவில்லை. மாதத்தை மாதமாகவும் நாளை நாளாகவும் மணியை மணியாகவும் தனித்தனியே கூட்ட வேண்டும். தொடக்கத் தேதியிலிருந்தே ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும், முந்தைய தவணையிலிருந்து அல்ல. தரவுத்தளத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் புதிய அமைப்பு எதைப் பார்த்தாலும் முதலில் 1981 டிசம்பர் 31 இரவு 11 மணியையும் மறுநாள் அதிகாலை 1 மணியையும் கொடுத்து இடைவெளி கேட்பாராம். ஒன்றரை மணி நேரம் என்று வந்தால் மேலே பேசுவார். இரண்டு என்று வந்தால் காப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டு, வேலையை அடியிலிருந்து தொடங்குவார்.

உங்கள் வீட்டில் 1945 செப்டம்பருக்குப் பிறகு, 1981 முடிவதற்குள் சிங்கப்பூரிலோ தீபகற்ப மலேசியாவிலோ பிறந்தவர் இருந்தால், அச்சிட்ட ஜாதகத்தின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிறந்த நேரத்துக்கும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கும் பக்கத்தில் நேர வித்தியாசம் என்று சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். 7.30 என்று இருந்தால் சரி. 8.00 என்று இருந்தால், அந்த ஜாதகம் உங்கள் வீட்டுப் பிள்ளையை அரை மணி நேரம் முன்னதாகப் பிறக்க வைத்திருக்கிறது. அக்காவின் பழைய ஜாதகத்தில் அந்த எண்ணைப் பெரியம்மா சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். தூக்கிப் போடச் சொன்னால் கேட்பதில்லை.